நாமே கட்டிய ரவுட்டர் மந்தமாக ஓடினால் எங்கே தேடுவது?

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகி, ஓபன்வர்ட், பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச ரவுட்டர் மென்பொருள்களில் ஒன்றைப் போட்டு ரவுட்டராக ஓட்டுகிறவர்கள் வேலூரில் இப்போது நிறையப் பேர். காட்பாடியில் ஆறேழு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கும் மாணவர்கள், சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜுகள், ராணிப்பேட்டை, ஆம்பூரில் சின்ன லெதர் ஆபீஸ்கள். கடையில் விற்கும் பெட்டி முப்பது போன் சேர்ந்தாலே திணறுகிறது, அதனால் இந்த வழிக்கு வருகிறார்கள். முதல் வாரம் நன்றாக ஓடும். அப்புறம் ஒருநாள் "நெட் ஸ்லோவா இருக்கு" என்று குரல் வரும்.

அந்தக் குரல் கேட்டதும் பெரும்பாலானோர் செய்வது, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். பத்து இடத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. வெளியிலிருந்து வரும் ஃபைபர், மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள வயர், ரவுட்டர், உள்ளே போகும் வயர், கடைசியில் வைஃபை என்று பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியாக அளக்க வேண்டும். எந்தத் துண்டில் எண் விழுகிறதோ அங்கே மட்டும் கை வைக்கலாம்.

தேவையானவை அதிகமில்லை. கிகாபிட் போர்ட் உள்ள ஒரு லேப்டாப், நன்றாக வேலை செய்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கேபிள், வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள், எண்களை எழுத ஒரு நோட்டு. நோட்டு முக்கியம். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது அளவிலேயே குழம்பிவிடும்.

எந்த வகை மந்தம்?

"ஸ்லோ" என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பெரிய ஃபைல் இறங்க நேரமாவது ஒன்று. ஸ்பீடு டெஸ்ட் நன்றாக வந்தும் வீடியோ காலில் குரல் விட்டு விட்டுக் கேட்பது இன்னொன்று. பக்கம் திறக்க இரண்டு மூன்று செகண்ட் யோசித்துவிட்டு அப்புறம் சட்டென்று முழுதாக வருவது மூன்றாவது. முதலாவது வேகக் குறை, இரண்டாவது தாமதம், மூன்றாவது பெரும்பாலும் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. புகார் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எது, எப்போது, எந்தக் கருவியில் என்பதைத்தான்.

சில நேரம் நோயே இருக்காது. காட்பாடி காந்தி நகரில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நூறு எம்பி பிளான் போட்டிருக்கோம், டவுன்லோட் பண்ணா பன்னெண்டுதான் காட்டுது. ரவுட்டர் வீக்கா?" ரவுட்டரில் ஒரு குறையும் இல்லை. பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோட் ஜன்னல் காட்டுவது மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். நூறை எட்டால் வகுத்தால் 12.5. அவனுக்கு முழுதாகத்தான் வந்துகொண்டிருந்தது.

முதலில் ரவுட்டரை விலக்கிவிட்டு அளங்கள்

ஃபைபர் வந்து இறங்கும் பெட்டியை நாம் மோடம் என்றே சொல்கிறோம், அப்படியே வைத்துக்கொள்வோம். நம் ரவுட்டரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை நேராக மோடத்தில் வயரால் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபர் போல பிபிபிஓஇ முறையில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் லைனாக இருந்து, மோடம் பிரிட்ஜ் முறையில் (தான் ரவுட்டராக இயங்காமல் லைனை அப்படியே கடத்தும் முறை) இருந்தால், அந்த இணைப்பை லேப்டாப்பிலேயே உருவாக்க வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதற்கு வழி உண்டு. லைனை அடையாளம் காட்டும் விலேன் எண் ஒன்றும் கேட்கும் லைன்கள் இருக்கின்றன. அதை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவை ஒரே தடவை எடுத்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. காலை ஆறரை மணிக்கு ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு ஒன்று எடுங்கள். இரவில் மட்டும் விழுந்தால், ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் நேரத்து நெரிசல் அது. உங்கள் பெட்டியை எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. மதியத்தில் மட்டும், அதுவும் ரவுட்டர் வழியாகப் போகும்போது மட்டும் விழுந்தால் கதை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

நேர் இணைப்பிலேயே வேகம் இல்லை என்றால் லைன்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிடும் முன் மோடத்தின் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும், அதைப் பார்த்துவிடுங்கள். வீட்டு ஃபைபரில் பொதுவாக வரும் ஜிபான் வகையில் அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 25, 26 என்று ஓரத்தில் தொங்கினால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது, இல்லை இணைப்பு முனையில் அழுக்கு. "ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்ற பதில்தான் வரும். "பவர் மைனஸ் 26 காட்டுது, வந்து பாருங்க" என்றால் ஆள் வருவார்.

இன்னொன்று. மோடம் தானும் ஒரு ரவுட்டராக இயங்கி, அதற்குப் பின்னால் நம்முடையதும் ரவுட்டராக இயங்கினால் முகவரி மாற்றம் இரண்டு தடவை நடக்கும். வேகத்தை இது பெரும்பாலும் கெடுப்பதில்லை. ஆனால் மோடத்தின் சின்ன நினைவகம் நிறைய இணைப்புகளைத் தாங்காது, கேமும் விபிஎன்னும் முரண்டு பிடிக்கும். முடிந்தால் மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

94 என்ற எண் வந்தால் வயரைப் பாருங்கள்

நேர் இணைப்பில் 200 வருகிறது, ரவுட்டர் வழியாக 94 வருகிறது. இந்த 94ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 100 மெகாபிட் லிங்கில், தகவலைச் சுமக்கும் சின்னத் துண்டுகளான பாக்கெட்டுகளின் தலைப்புச் சுமைகள் போக உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். கிகாபிட் லிங்கில் அதே கணக்கில் 941 வரும். வேகம் 90, 94 என்று கோடு போட்டது போல நின்றால், ஏதோ ஒரு இடத்தில் கிகாபிட் லிங்க் 100க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

காரணம் சாதாரணமானது. 100 மெகாபிட்டுக்கு கேபிளில் நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கூடுதல் நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும், முனை பொருத்தும் கிரிம்பிங்கில் அதன் பின் சரியாக இறங்காவிட்டாலும் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100க்கு ஒத்துக்கொள்ளும். நெட் வரும், விளக்கும் எரியும், வேகம் மட்டும் போய்விடும். லினக்ஸ் ரவுட்டரில் எத்டூல் கட்டளையோடு கார்டின் பெயரைக் கொடுத்தால் ஸ்பீடு, டூப்ளெக்ஸ் என்று இரண்டு வரிகள் தெரியும். பிஎஃப்சென்ஸிலும் ஓபிஎன்சென்ஸிலும் இன்டர்ஃபேஸ் நிலைப் பக்கத்தில் இதே விவரம் இருக்கும். 1000, ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் போவது) என்று வர வேண்டும். ஒரு பக்கத்தில் வேகத்தைக் கையால் பூட்டிவிட்டு இன்னொரு பக்கத்தை ஆட்டோவில் விட்டிருந்தால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கும். அப்போது வேகம் பரிதாபமாக இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள் சுருள்களில் பல அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசியவை. கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். சின்ன நீளத்துக்கு ஓடும். மூன்று மாடி லாட்ஜில் கீழிருந்து மேல் வரை இழுத்தால் தகராறு செய்யும், வளைத்தால் சீக்கிரம் முறியும். மொட்டை மாடி வழியாக, வெயிலில் கிடக்கும்படி சாதாரணக் கேபிளைப் போட்டிருந்தால் இரண்டு மூன்று கோடைக்குள் மேலுறை வெடித்துவிடும். நம் ஊர் வெயில் அதற்குமேல் தவணை தராது.

லிங்க் 1000 என்று காட்டியும் சந்தேகம் தீராவிட்டால், அதே இடத்தில் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். வழியில் பழுதாகி வந்த பாக்கெட்டுகளைக் காட்டும் சிஆர்சி பிழை என்ற எண் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டிருந்தால் வயரோ முனையோ கெட்டிருக்கிறது. ஆராய்ச்சி வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ரவுட்டரை மட்டும் அளப்பது

இப்போது வெளி லைனை மறந்துவிடலாம். ரவுட்டரின் வெளிப்பக்க போர்ட்டில் ஒரு கம்ப்யூட்டர், உள்பக்க போர்ட்டில் இன்னொன்று. வெளிப்பக்கத்தில் உள்ளதில் ஐபெர்ஃப்3ஐ சர்வராகவும், உள்பக்கத்தில் கிளையன்ட்டாகவும் ஓட்டுங்கள். இந்தச் சோதனை முடியும்வரை வெளிப்பக்க போர்ட்டுக்கு நிலையான ஐபி முகவரி கொடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை அனுப்பும் திசையில், ஒரு தடவை திருப்பி. ரவுட்டருக்குள்ளேயே ஐபெர்ஃப் ஓட்டி அளக்கிறவர்கள் உண்டு. அது வசதிதான், ஆனால் அந்தச் சோதனையும் ரவுட்டரின் சிபியுவைத் தின்னும், எண் குறைவாகக் காட்டும். ரவுட்டரின் வேலை கடத்துவது, அதனால் கடத்தும்போதுதான் அளக்க வேண்டும்.

900க்கு மேல் வந்தால் பெட்டியின் இரும்பில் குறையில்லை. 300, 400 என்று நின்றால் கார்டு எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பழைய வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட்டின் மொத்தக் கொள்ளளவு செகண்டுக்கு 133 மெகாபைட். அதை எல்லாக் கார்டுகளும் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு கிகாபிட் கார்டை அதில் மாட்டினால், உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் அதே வழியில் திரும்ப வெளியே போக வேண்டும். பாதி வேகம்கூடக் கிடைக்காது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் என்றால், மிகப் பழைய தலைமுறையின் ஒற்றைத் தடம்கூட ஒரு திசைக்கு 250 மெகாபைட் தரும். ஒரு கிகாபிட் போர்ட்டுக்கு அது தாராளம்.

யூஎஸ்பி கார்டு மாட்டியிருந்தால் நீலப் போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 2.0 என்பது காகிதத்தில் 480 மெகாபிட், கையில் வருவது அதைவிட நன்றாகவே குறைவு. ராஸ்பெர்ரி பை 3பி பிளஸ் வைத்திருப்பவர்கள் "கிகாபிட் என்று போட்டிருக்கிறதே" என்று கேட்பார்கள். அதன் போர்ட் உள்ளே யூஎஸ்பி 2.0 வழியாகத்தான் போகிறது, 300 மெகாபிட்டோடு நின்றுவிடும். பை 4இல்தான் உண்மையான கிகாபிட் வந்தது.

கார்டில் உள்ள சிப்பும் முக்கியம். பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி மேல் நிற்பவை. அங்கே ரியல்டெக் சிப்களுக்கான டிரைவருக்கு நல்ல பெயர் கிடையாது, சுமை ஏறினால் லிங்க் விழுந்து எழுவதும் உண்டு. இன்டெல் ஐ210, ஐ350 போன்றவை அலுங்காமல் ஓடும். லினக்ஸில், அதாவது ஓபன்வர்ட்டில், ரியல்டெக் இந்த அளவு படுத்தாது. ஆகவே ரியல்டெக் கார்டு மட்டுமே கையில் இருந்தால், புதுக் கார்டுக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறும் முன் ஓபன்வர்ட்டை ஒரு பென்டிரைவில் போட்டு அளந்து பாருங்கள். பயணமும் மிச்சம், பணமும் மிச்சம். போகத்தான் வேண்டும் என்றால், நான்கு போர்ட் இன்டெல் கார்டுகளில் போலிகள் நிறைய உலவுகின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பமுடியாத விலை சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு கோர் மட்டும் திணறுகிறதா?

வேகச் சோதனை ஓடும்போது டாப் கட்டளையைத் திறந்து வையுங்கள். லினக்ஸில் வழக்கமான டாப்பில் 1 என்ற விசையை அழுத்தினால் சிபியுவுக்குள் தனித்து வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். மொத்தம் 25 சதவீதம்தான் என்று காட்டும் பெட்டியில் நான்கு கோர் இருந்து, அதில் ஒன்று 100இல் நின்று மற்ற மூன்றும் தூங்கிக்கொண்டிருக்கலாம். மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "சிபியு ஃப்ரீயாத்தான் இருக்கு" என்று சொல்பவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். எஸ்ஐ என்ற நெடுவரிசை ஏறியிருந்தால் அது பாக்கெட் சுமக்கும் வேலை. ஃப்ரீபிஎஸ்டியில் டாப்போடு எஸ், எச் என்ற இரண்டு பெரிய எழுத்துகளையும் சேர்த்துக் கொடுத்தால் இதே படம் கிடைக்கும்.

நம் பக்கத்தில் இதற்கு முதல் காரணம் பிபிபிஓஇ. சாதாரண இணைப்பில் நெட்வொர்க் கார்டு, வரும் பாக்கெட்டுகளின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்த்து வெவ்வேறு கோர்களுக்குப் பிரித்துவிடும். பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் முகவரியைப் பல கார்டுகளால் படிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே கோரின் தலையில் கொட்டிவிடும். 100 மெகாபிட் லைனில் இது தெரியவே தெரியாது. 300, 500 என்று பிளானை உயர்த்திய பிறகுதான், "காசு கட்டியும் ஏறலையே" என்று தெரியவரும்.

ஓபன்வர்ட்டில் நெட்வொர்க் பொது அமைப்புகளில் பாக்கெட் ஸ்டியரிங் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் லினக்ஸே உறைக்குள் பார்த்து வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்கும். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸில் டியூனபிள்ஸ் பட்டியலில் நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பேட்ச் என்ற வரியின் மதிப்பை டிஃபர்ட் என்று மாற்ற வேண்டும். இந்த ஒரு வரியே பல பெட்டிகளில் குறையைத் தீர்த்துவிடும். மாற்றியபின் திரும்ப அளந்து நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது மின்சேமிப்பு. பயாஸிலோ இயங்குதளத்திலோ பவர்சேவ் முறையில் இருந்தால் சிபியு குறைந்த வேகத்திலேயே படுத்துக் கிடக்கும். சோதனைக்காக பெர்ஃபாமன்ஸ் முறையில் வைத்து அளங்கள். வித்தியாசம் இல்லை என்றால் பழையபடி மாற்றிவிடலாம்.

இப்போது மதியம் இரண்டு மணிக் கதைக்கு வருவோம்.

மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. சுற்றிலும் இருக்கும் பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்து மாலையில் திரும்பத் தருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. இந்த ஊரில் ரவுட்டரை எங்கே வைக்கிறோம்? பரணில், மாடிப்படிக்குக் கீழே மூடிய அலமாரியில், லாட்ஜ் என்றால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஷீட் அறையில். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று தேடுகிறோம், அந்த இடங்களெல்லாம் காற்றில்லாத இடங்கள்.

ஃபேன் இல்லாத சின்னப் பெட்டிகளில், அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சிப்பின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். 27 டிகிரி ஏசி அறையில் 65இல் ஓடும் சிப், 45 டிகிரி ஷீட் அறையில் 83ஐத் தொடும். மேலே தூசி படிந்து, உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதற்கும் மேலே போகும். இன்டெல் சிப்கள் பல 100 டிகிரியை ஒட்டித் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்னப் பெட்டிகளில் தயாரித்தவர் அதற்கும் கீழே எல்லை வைத்திருப்பதுண்டு. பெட்டி நிற்காது, பிழைச்செய்தி முகப்பில் வராது, வேகம் மட்டும் கரையும். சாயங்காலம் நீங்கள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

சென்சார்ஸ் கட்டளை சிப்பின் வெப்பத்தைக் காட்டும். பிஎஃப்சென்ஸில் முகப்புப் பக்கத்திலேயே வெப்பநிலைக் கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு முன் அமைப்புகளில் இன்டெல்லா ஏஎம்டியா என்று சென்சாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவில் க்ளாக் த்ராட்டில்ட் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வேறு ஆதாரமே தேவையில்லை.

மருந்து மலிவானது. பெட்டியை இடம் மாற்றுங்கள். முடியாவிட்டால் அலமாரிக் கதவைக் கழற்றுங்கள். 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை வாங்கி யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓட்டினால், 12 வோல்ட் ஃபேன்களில் பெரும்பாலானவை சத்தமே இல்லாமல் மெதுவாகச் சுற்றும். ஃபேன் இல்லாத பெட்டியின் மேல் அதை வைத்தால் போதும், நல்ல வித்தியாசம் தெரியும். பழைய டெஸ்க்டாப் என்றால் மூடியைத் திறந்து தூசியை ஊதி, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவுங்கள். மோடத்தை ரவுட்டர் மேல் அடுக்கி வைக்காதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்கும்.

நாமே ஏற்றி வைத்த சுமை

இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒவ்வொரு பேக்கேஜாகச் சேர்த்துக்கொண்டே போவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். சுரிகாட்டா, ஸ்னார்ட் போன்ற ஊடுருவல் கண்காணிப்பு ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் படிக்கும். பழைய இரண்டு கோர் பெட்டியில் கிகாபிட்டைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். என்டாப்என்ஜி போன்ற வரைபடக் கருவிகளும் அப்படித்தான். எல்லாவற்றையும் நிறுத்தி அளங்கள், ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றி அளங்கள். எது தின்கிறது என்று தெரிந்துவிடும். ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு சுரிகாட்டா தேவையில்லை என்பது என் கருத்து. ஆபீஸ் என்றால் யோசிக்கலாம்.

விபிஎன் வழியாகப் போகும்போது மட்டும் மந்தம் என்றால், ஓபன்விபிஎன்னா வயர்கார்டா என்று பாருங்கள். ஓபன்விபிஎன் வழக்கமான அமைப்பில் ஒரே கோரில், கெர்னலுக்கு வெளியே ஓடுகிறது. வயர்கார்டு 2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.6இலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே பெட்டியில் இரண்டையும் அளந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

சில தளங்கள் மட்டும் தொங்கினால்

பெரும்பாலான தளங்கள் வருகின்றன, சிலது மட்டும் பாதியில் நிற்கின்றன என்றால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச அளவு, பிரச்சினையாக இருக்கலாம். சாதாரண பாக்கெட்டின் அளவு 1500 பைட். பிபிபிஓஇ அதில் 8ஐ எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடு 1464 அளவில் ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) அனுப்பிப் பாருங்கள். தலைப்புகள் 28 சேர்ந்து அது சரியாக 1492 ஆகும். அது போய், 1465 போகவில்லை என்றால் அளவு சரி. 1464உம் போகாவிட்டால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து எது போகிறதோ அதோடு 28ஐக் கூட்டுங்கள், அதுதான் உங்கள் எம்டியு. ரவுட்டரில், இணைப்புகளின் பாக்கெட் அளவை இதற்கேற்பக் குறைக்கும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற தேர்வு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓபன்வர்ட்டில் வெளிப்பக்க ஃபயர்வால் மண்டலத்தில் அது இருக்கும்.

வேகம் இருக்கிறது, ஆனாலும் வீடியோ கால் வெட்டுகிறது

ஒரு ஜன்னலில் 8.8.8.8க்கு பிங்கைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 10 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இன்னொரு ஜன்னலில் ஒரு பெரிய வீடியோவை அப்லோட் செய்யுங்கள். 10 என்பது 300, 600 என்று ஏறினால் உங்கள் நோய் இதுதான். இதை பஃபர்ப்ளோட் என்கிறார்கள். மோடம் தன் நினைவகத்தில் பாக்கெட்டுகளைக் கணக்கில்லாமல் வாங்கி அடுக்கி வைக்கிறது. கணக்கு எளிது: அப்லோட் 10 மெகாபிட் உள்ள லைனில் ஒரு மெகாபைட் தேங்கினால், அது வடிய 0.8 செகண்ட். அந்த நேரம் முழுக்க உங்கள் குரல் பாக்கெட்டும் வரிசையில் நிற்கும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பைக்கையும் நிறுத்திவைப்பது மாதிரி.

பைக்குக்குத் தனி வழி திறப்பதுதான் எஃப்க்யூ கோடெல், கேக் என்ற இரண்டு முறைகளின் வேலை. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து, எதையும் நீண்ட நேரம் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும். கேக் 2018இல் லினக்ஸ் 4.19இலிருந்து கெர்னலோடு வருகிறது. ஓபன்வர்ட்டில் இந்த வரிசை ஒழுங்கைச் செய்யும் எஸ்க்யூஎம் பேக்கேஜை நிறுவி, வெளிப்பக்க போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, வேகங்களைக் கொடுத்தால் போதும். பிஎஃப்சென்ஸிலும் ஓபிஎன்சென்ஸிலும் லிமிட்டர், ஷேப்பர் வழியாக எஃப்க்யூ கோடெல் கிடைக்கும்.

எவ்வளவு வேகம் கொடுப்பது என்பதில்தான் தடுமாறுவார்கள். பிளானில் எழுதியதைக் கொடுக்காதீர்கள். நீங்கள் நேர் இணைப்பில் அளந்து நோட்டில் எழுதினீர்களே, அதில் மிகக் குறைந்த எண்ணை எடுத்து அதன் 85 முதல் 95 சதவீதத்துக்குள் வையுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் நம் ரவுட்டரில் சேரும், நம் ரவுட்டருக்குத்தான் அதை ஒழுங்குபடுத்தத் தெரியும். 100 மெகாபிட்டில் 10ஐ விட்டுக்கொடுக்க மனசு வராது. இரவு ஒன்பது மணிக்குப் பத்துப் பேர் இருக்கும் வீட்டில் ஒருவருடைய வீடியோ கால் வெட்டாமல் போவதைப் பார்த்தபின் வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. கேக்குக்குச் சிபியு வேண்டும், வேகத்தைப் பிடித்து வைப்பதை அது ஒரே கோரில் செய்யும். போட்டபின் டாப்பைத் திரும்பப் பாருங்கள். இன்னொன்று, ஓபன்வர்ட்டில் ஃப்ளோ ஆஃப்லோடிங் போட்டிருந்தால் அது குறுக்கு வழியில் பாக்கெட்டுகளைக் கடத்திவிடும், எஸ்க்யூஎம் ஒழுங்காக வேலை செய்யாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லைன் 200க்குள் என்றால் எஸ்க்யூஎம்முக்கே என் ஓட்டு.

டிஎன்எஸ், அப்புறம் நிரம்பிய பட்டியல்

பக்கம் யோசித்துவிட்டுத் திறந்தால், டிக் கட்டளையில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து கடைசியில் வரும் க்வெரி டைமைப் பாருங்கள். முதல் தடவை சில பத்து மில்லிசெகண்ட், இரண்டாம் தடவை 0 அல்லது 1 வந்தால் ரவுட்டர் விடையை நினைவில் வைத்துக்கொள்கிறது, நல்லது. செகண்ட் கணக்கில் வந்தால் மேலே இருக்கும் சர்வரை 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 என்று மாற்றி அளந்து, எது உங்கள் லைனில் விரைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் செத்துப்போன சர்வர் ஒன்று முதலாவதாக நின்றுகொண்டிருந்தால்கூட இப்படித்தான் ஆகும்.

லாட்ஜ், ஹாஸ்டல் நடத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லினக்ஸ் ரவுட்டர் திறந்திருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் கான்ட்ராக் பட்டியலில் எழுதி வைக்கும். பட்டியல் நிரம்பினால் புது இணைப்புகளைத் தூக்கி எறியும். கெர்னல் பதிவில் டேபிள் ஃபுல் என்ற வரி வரும். யாரோ ஒருவர் அறையில் டோரன்ட் ஓட்டினால் ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அதிகபட்ச எண்ணைக் கூட்டுங்கள், அதற்குப் பெரிய நினைவகம் தேவையில்லை. ஃப்ரீபிஎஸ்டி பக்கத்தில் இதற்கு ஸ்டேட் டேபிள் என்று பெயர்.

வைஃபை

புகார்களில் பெரும்பங்கு இங்கேதான் வந்து முடியும், ஆனால் ரவுட்டரைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது குறைவு. வயரில் முழு வேகம் வந்து, போனில் வராவிட்டால் ரவுட்டரை விட்டுவிடுங்கள். மினி பிசிக்குள் இருக்கும் இன்டெல் வைஃபை கார்டை அக்சஸ் பாயிண்டாக்க (மற்றவர்களுக்கு வைஃபை பரப்பும் கருவியாக்க) பார்ப்பது வீண் வேலை. அவற்றில் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸில் அப்படி இயங்க விடாது. தனியாக ஒரு அக்சஸ் பாயிண்ட் வாங்கி வயரில் இணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்றையே, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வையுங்கள். வேலூர் கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கம் தடித்த சுவர் வைத்த பழைய வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவருக்கு மேல் தாண்டாது. அங்கே ஒரே பெட்டியின் சக்தியைக் கூட்டுவதைவிட, அறைக்கு அறை வயர் இழுத்து இரண்டு பெட்டி வைப்பது மேல்.

பெட்டியையே மாற்றுவது

எல்லாவற்றையும் அளந்து, கோர் 100இல் நிற்பது மட்டும் மாறவில்லை என்றால் பெட்டிக்கு வயதாகிவிட்டது. பழைய டெஸ்க்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு முன் கரண்ட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 40 வாட் எடுக்கும் பெட்டி இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 58 யூனிட். நம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும் பங்கை ரவுட்டரே சாப்பிட்டுவிடும். இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள நான்கு போர்ட் மினி பிசி, 10 வாட்டில் ஓடினால், அதே இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டோடு நின்றுகொள்ளும். அவற்றில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. மோடமும் 12 வோல்ட் என்றால் இரண்டையும் ஒரே சின்ன டிசி யூபிஎஸ்ஸில் மாட்டலாம், இரண்டின் ஆம்பியரையும் கூட்டி யூபிஎஸ் அதைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது போர்ட்டுகள் ஐ226 சிப்பா என்று கேளுங்கள், அதற்கு முந்தைய ஐ225இன் தொடக்கப் பதிப்புகளில் 2.5 கிகாபிட் லிங்கில் குறை இருந்தது. பழைய பெட்டியின் அமைப்புகளை பேக்கப் எடுத்த ஃபைலை ரவுட்டரிலேயே விட்டுவிடாமல் லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, பிறகு அதைக் கழற்றுங்கள்.